சந்தனப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

தொலைந்த கோப்புகளை மீட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. விருதுநகர் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பருப்பு மண்டிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் என் கடை. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு மனிதர்கள் மேல் மரியாதை வைத்திருப்பது ரொம்பக் கஷ்டம். வருகிற எல்லாரும் ஒரே பொய்யோடுதான் படியேறுகிறார்கள். "நான் ஒண்ணுமே செய்யலண்ணே, தானா அழிஞ்சிருச்சு." பேன்ட்டோடு சேர்த்துத் துவைத்துக் காயப்போட்ட பென் டிரைவைக் கொண்டுவந்து, "ஏதோ வைரஸ் போலருக்கு" என்று சொன்ன ஆளையும் நான் பார்த்திருக்கிறேன். சோப்பு வாசம் இன்னும் போகவில்லை.

கம்ப்யூட்டர் பாவம். அழிப்பதற்கு முன்னால் கேட்கத்தான் செய்கிறது. அழிக்கட்டுமா, உறுதியாகவா, எல்லாம் போய்விடுமே என்று வாய் வலிக்கக் கேட்கிறது. நம் ஆட்கள் படிக்காமல் ஓகே அமுக்குவார்கள். அப்புறம் என் கடைக்கு வந்து சாமி மேல் சத்தியம் செய்வார்கள்.

அந்த வரிசையில் முதல் இடம் சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்குத்தான். சிவகாசியிலேயே கம்ப்யூட்டர் பார்க்கிற கடைகள் இருக்கும்போது அவர் விருதுநகருக்குக் கார் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குக் காரணம் இருந்தது. காலண்டர் தொழிலில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த ஆண்டின் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி, பூஜை போட்டு, ஊர் ஊராக வந்திருக்கும் ஏஜெண்டுகளுக்குக் காட்டுவார்கள். அதுவரை எந்தச் சாமிக்கு என்ன கலர், எந்தக் குழந்தைக்கு என்ன சட்டை என்பதெல்லாம் ரகசியம். பக்கத்துக் கம்பெனிக்காரன் மோப்பம் பிடித்துவிட்டால் சீசன் போச்சு. அவருடைய டிஸ்க் காலியான செய்தி சிவகாசிக்குள் கசிந்தால், டிஸ்க்கோடு மானமும் போகும் என்று பயந்தார்.

ரகசியத்தைக் காக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். டிசைன் எல்லாம் ஒரே ஒரு டிஸ்க்கில்தான் இருக்கும். நகல் எடுக்கக் கூடாது. நகல் இருந்தால் திருடு போகுமாம். கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு படம் தங்கக் கூடாது. காலையில் அவரே டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுப்பார், சாயங்காலம் அவரே வாங்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் பூஜை அறையில் வைப்பார். மூன்று மாடி அச்சகத்தின் மொத்த உயிரும் ஒரு சோப்பு டப்பா அளவுப் பெட்டியில். இதைத்தான் அவர் பத்திரம் என்று நினைத்திருந்தார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் அவர் கார் என் சந்து முனையில் வந்து நின்றது. ஆள் இறங்கவில்லை. டிரைவர் மட்டும் வந்து, "ராகு காலம் முடியட்டும்னு மொதலாளி கார்லயே இருக்காக" என்றார். ஏசி ஓட, உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நேரம் முடிந்ததும் மூன்று பேர் வந்தார்கள். அண்ணாச்சி, அவருடைய வீட்டோடு மாப்பிள்ளை, பின்னால் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அந்த அம்மாதான் அச்சகத்தின் டிசைனர். இருந்த இரண்டு நாற்காலிகளில் மாமனாரும் மருமகனும் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த அம்மா நின்றார். நான் என் ஸ்டூலைத் தள்ளினேன். "அது நிக்கட்டும் தம்பி" என்றார் அண்ணாச்சி.

டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மேலே சந்தனம், அதன் நடுவில் குங்குமம், ஓரத்தில் விபூதிப் பட்டை. வயர் சொருகும் ஓட்டைக்குள்ளும் சந்தனம் போய் இறுகிக் கிடந்தது. டிசைன் திரும்பி வரட்டும் என்று, கிளம்பும்போது பூஜை போட்டு வைத்ததாம். லாரிக்கு வைப்பதைப் போல வைத்திருக்கிறார்கள். பல் குத்தும் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே என்ன நடந்தது என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல. கூட இருந்தே குழி பறிச்சிட்டாக. அம்புட்டு டிசைனும் காலி. காலையில டிஸ்க்க இந்தப் பிள்ள கைலதான் குடுத்தேன். சொருகின உடனே ஒண்ணுமில்லங்குது. போன சீசன்ல வேற கம்பெனிக்காரக இதைய கூப்பிட்டாக, தெரியும்ல?"

"நான் போகலையே மொதலாளி" என்றார் அந்த அம்மா.

"கூப்பிட்டாகள்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வது? போகாதது அவருக்குத் தெரியும். ஆனாலும் கூப்பிட்டதுதான் அவர் மனதில் நின்றது. அத்தோடு இன்னொரு சாட்சியும் வைத்திருந்தார். "அன்னைக்குக் காலையில டிவியிலயே சொன்னான் தம்பி. என் ராசிக்கு, கூட வேலை பாக்கிறவுகளால பொருள் நட்டம்னு. பாத்துட்டுத்தான் கம்பெனிக்குப் போறேன். போனா இப்படி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த மனிதர் அச்சடிக்கிற தினசரி காலண்டரில், ஒவ்வொரு தாளிலும், பன்னிரண்டு ராசிக்கும் பலன் போடுகிறார். மேஷம் லாபம், ரிஷபம் செலவு, மிதுனம் பகை. தமிழ்நாடு முழுக்க அதைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புகிறது. ஆனால் அவர் அதை நம்ப மாட்டார். அதை யார் எழுதுகிறார், எவ்வளவு அவசரத்தில் எழுதுகிறார் என்பது அவருக்குத் தெரியும். டிவியில் சொல்கிறவரைத் தெரியாது. அதனால் அவரை நம்புகிறார்.

டிஸ்க் காலி என்றதும் அச்சகத்தில் என்ன செய்தார்கள் என்பதை அவரே பெருமையாகச் சொன்னார். மிஷின்காரர்கள், பைண்டிங் பெண்கள், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, அவர்கள் கண் முன்னால் அந்த அம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்திருக்கிறார்கள். "சோத்துக்குள்ள பென் டிரைவ் வச்சிருந்தா?" என்றார். அந்த அம்மா என் கடைச் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்து வெளியே போகச் சொல்லியிருப்பேன். ஆனால் அப்படிச் செய்தால் அந்த அம்மா கடைசிவரை திருடியாகவே இருப்பார்.

மருமகன் எஞ்சினியரிங் முடித்தவர். அதை அவர் சொல்லவில்லை. மாமனார் மூன்று முறை சொன்னார். "மாப்ள எல்லாம் பண்ணிப் பாத்துட்டாக தம்பி, வரல." எல்லாம் என்றால் என்ன என்று கேட்டேன். டிஸ்க்கைச் சொருகியதும் கம்ப்யூட்டர் 'ஃபார்மட் செய்யட்டுமா', அதாவது துடைத்துப் புதிதாக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. 'சரி' என்றிருக்கிறார். பிறகு, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மீட்பு மென்பொருளைத் திருட்டுத்தனமாக இறக்கி ஓட்டியிருக்கிறார். அது மீட்டுத் தந்ததை எல்லாம் அதே டிஸ்க்கிலேயே சேமித்திருக்கிறார். தோண்டி எடுத்த நகையை அதே குழியில் போட்டு, மேலே கான்கிரீட் ஊற்றுவது மாதிரி. இந்தக் கதையில் திருட்டு என்று உண்மையாக ஒன்று நடந்ததென்றால் அந்த மென்பொருளைத் திருடியதுதான். அந்த எஞ்சினியரின் டிபன் பாக்ஸை யாரும் திறந்து பார்க்கவில்லை.

நான் என் கருவிகளைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகிறவை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பார்க்க அழகே இருக்காது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி, உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதையும் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

"சும்மாவா குடுக்காக?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி."

"ஓசியில குடுக்கது எப்படி நல்லாருக்கும்? அவனுக்கு என்ன லாவம்?"

காலண்டரை யாராவது காசு கொடுத்து வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? ஜவுளிக் கடையில் கொடுப்பார்கள், மளிகைக் கடையில் கொடுப்பார்கள், நகைக் கடையில் கெஞ்சினால் பெரிதாகக் கொடுப்பார்கள். ஓசியில் கொடுக்கிற பொருளை அச்சடித்தே மூன்று மாடி கட்டிய மனிதர் என் கடையில் உட்கார்ந்துகொண்டு ஓசி என்றால் மட்டம் என்கிறார். இதை அவரிடம் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். மருமகன் தலையாட்டினார். அவருக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வந்தது.

டிஸ்க்கை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். முதல் வேலை நகல் எடுப்பது. அடிபட்ட டிஸ்க்கில் நேராகக் கை வைக்கக் கூடாது. அதில் இருப்பதை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு இழுத்துக்கொண்டு, அந்த நகலில்தான் தோண்ட வேண்டும். பழைய டிஸ்க், சில இடங்களில் திணறியது. நகலெடுக்கும் கருவி அதற்கெல்லாம் அசராது. படிக்க முடிந்ததை முதலில் படிக்கும். அடம்பிடிக்கிற இடங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும். அந்தப் பொறுமையில் பாதியை என் கடைக்கு வந்த எந்த மனிதனிடமும் நான் கண்டதில்லை. பையைக் கொட்டாமல், யாரையும் கூட்டி நிறுத்தாமல், இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது.

நகல் முடிந்ததும் இன்னொரு கருவியால், கோப்புகள் முன்பு இருந்த பழைய அடுக்கைத் தேடினேன். கொஞ்சம் கிடைத்தது, பெயரோடு, தேதியோடு. மற்றது சிதைந்திருந்தது. அதற்கு மூன்றாவது கருவி. அது பெயரையெல்லாம் பார்க்காது. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை துழாவி, இது படத்தின் தலை, இது படத்தின் வால் என்று அடையாளம் கண்டு உருவிப் போடும். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்தான்.

அண்ணாச்சிக்கு போன் செய்து, பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றேன். தன் கம்பெனியின் சாமிகளைத் தனக்கே அடையாளம் தெரியாது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் மென்று விழுங்கிவிட்டு, "அதையவே அனுப்புதேன். மாப்ளயும் கூட வருவாக" என்றார். மாப்பிள்ளை காவலுக்கு. திருடியவரை வைத்தே தேடச் சொல்கிறோமே என்று அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

மறுநாள் அந்த அம்மா என் ஸ்டூலில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். லட்சுமி, வெங்கடாசலபதி, பூனைக்குட்டி, மலையருவி, மறுபடி லட்சுமி. ஒரு முருகன் இடுப்புவரை மட்டும் வந்தார். கீழே வெறும் சாம்பல் கலர். மயிலைக் காணோம். மருமகனின் கான்கிரீட் விழுந்த இடம் அது. அந்த அம்மா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மயிலு தோகைக்கே ஒரு வாரம் ஒக்காந்தேன் தம்பி" என்றார். மருமகன் போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார். மத்தியானம் ஆனதும் எண்ணெய் பரோட்டா சாப்பிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். காவல் அவ்வளவுதான்.

அவர் போன பிறகுதான் அது கண்ணில் பட்டது. படங்களுக்கு நடுவில் ஒரு வீடியோ. கேமராவில் எடுத்தது அல்ல. கேபிள் டிவி பெட்டிகள் நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வகை. காலண்டர் டிஸ்க்கில் இது எப்படி வந்தது என்று ஓடவிட்டேன். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பின்னால் சுழல்கிற ராசிச் சக்கரம். ஒவ்வொரு ராசியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "இதுதான் மொதலாளி ராசி" என்றார் அந்த அம்மா. "உடன் பணிபுரிபவர்களால் பொருள் நஷ்டம் ஏற்படலாம். எச்சரிக்கையாக இருக்கவும்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணாச்சி சொன்ன அதே வாசகம்.

டிஸ்க்கின் அடுக்கைத் திரும்பிப் பார்த்தேன். நடந்தது அப்படியே கிடந்தது. கேபிள் டிவி பெட்டியில் டிஸ்க்கைச் சொருகினால், பதிவு செய்வதற்கு முன்னால் அதை முழுதாகத் துடைத்துத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும். மாற்றட்டுமா என்று கேட்கவும் செய்யும். யாரோ ஓகே அமுக்கியிருக்கிறார்கள். பெட்டி மாற்றிவைத்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் அன்று காலையிலேயே, அச்சகத்தில் அந்த அம்மா சொருகியபோது காலி என்று காட்டியது.

பரோட்டா சாப்பிட்டு வந்த மருமகன் திரையில் ஜோசியரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் பீடா. அதை வாயில் போடவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"மாமா காலையில வாக்கிங் போயிருவாகண்ணே" என்றார் மெதுவாக. "அந்நேரம்தான் ராசிபலன் போடுவான். பதிஞ்சு வச்சா வந்து பாப்பாகள்ல? வீட்ல வேற டிஸ்க்கு இல்ல. பூஜை ரூம்ல இது இருந்துச்சு. ஓகேவான்னு கேட்டுச்சு. மாமா பாத்ததும் திரும்ப அங்கனயே வச்சிட்டேன். நான் இப்படி ஆகும்னு நெனைக்கல."

நினைக்கவில்லை, சரி. பையைக் கொட்டும்போது தெரிந்திருக்குமே? டிபன் பாக்ஸைத் திறந்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். பக்கத்திலேயேதான் நின்றிருந்தார் என்று அந்த அம்மா சொன்னார்.

"அண்ணே, அத மட்டும் அழிச்சிருங்க" என்றார் மருமகன். தோண்டி எடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவனிடம் வந்து கேட்கிறார்.

அவர் முன்னாலேயே அண்ணாச்சிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். மன்னிப்பு வரும் என்று நானும் முட்டாள்தனமாகக் காத்திருந்தேன்.

"டிசைன் கெடச்சிருச்சுல்ல தம்பி?"

"கெடச்சிருச்சு. முருகன் மட்டும் பாதி."

"அத அந்தப் பிள்ள வரைஞ்சிரும். சரி விடுங்க. வைரஸ்னே சொல்லிருவோம். வீட்டு விசயம் பாத்தீகளா, மாப்ள பேரு கெட்டுப்போகும்ல."

மாப்பிள்ளைக்குப் பேர் இருக்கிறது. அது கெடக் கூடாது. அந்த அம்மாவுக்கும் ஒன்று இருந்தது. அதை மிஷின் ஓரத்தில் வைத்து, சோற்றோடு சேர்த்துக் கொட்டிவிட்டார்கள். இப்போது அதை அள்ளித் தர யாருக்கும் நேரமில்லை, சீசன் வந்துவிட்டது.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மருமகன் காருக்குப் போனதும் என்னிடம் கேட்டார். "தம்பி, எனக்கு வேலை பெருசில்ல. வேற கம்பெனிக்காரக இன்னமும் கூப்பிடுதாக. அம்புட்டு பேர் முன்னாடி என்னைய திருடின்னாக. அம்புட்டு பேர் முன்னாடியே இல்லைன்னு ஆகணும். அந்த ராசிபலனையும் டிஸ்க்குல போட்டுக் குடுப்பீகளா?"

போட்டுக் கொடுத்தேன். முதலில் வருகிற மாதிரி பெயர் வைத்துக் கொடுத்தேன்.

ஆடிப்பெருக்கு அன்று அண்ணாச்சி என்னையும் வரச்சொல்லியிருந்தார். டிஸ்க் மறுபடி மக்கர் செய்தால் பார்க்க ஆள் வேண்டுமாம். வைரஸை ஒழித்தவர் என்று ஏஜெண்டுகளிடம் என்னை அறிமுகப்படுத்தினார். அச்சகத்துக்கு மாவிலைத் தோரணம் கட்டி, மிஷினுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள். மிஷின்காரர்கள், பைண்டிங் பெண்கள், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துச் சூடம் காட்டினார்கள். பக்கத்தில் டிஸ்க். அதற்குப் புதிதாகச் சந்தனம். இந்தத் தடவையும் ஓட்டைக்குள் போயிருந்தது.

பூஜை முடிந்ததும் பெரிய டிவியில் ஒவ்வொரு டிசைனாகக் காட்டச் சொன்னார். அந்த அம்மா டிஸ்க்கைச் சொருகினார். லட்சுமியை எதிர்பார்த்து எல்லாரும் நிமிர்ந்தார்கள். ராசிச் சக்கரம் சுழன்றது. பட்டு வேட்டிக்காரர் பேசத் தொடங்கினார்.

ஒரு ஏஜெண்டு சிரித்தார். "என்ன அண்ணாச்சி, இந்த வருசம் ஜோசியரையே காலண்டர்ல போடுதீகளா?"

அண்ணாச்சி எழுந்தார். மருமகன் சுவரோரமாக நகர்ந்தார். உடன் பணிபுரிபவர்களால் பொருள் நஷ்டம் என்று டிவி சொன்னது. அந்த இடத்தில் அந்த அம்மா நிறுத்தினார்.

"இதுதாங்க டிசைன் அம்புட்டையும் அழிச்சது" என்றார். குரல் உயரவில்லை. "மொதலாளி வீட்டு டிவி பெட்டியில மாப்ள பதிஞ்சது. இதப் பாத்துட்டு வந்துதான் மொதலாளி என் டிபன் பாக்ஸத் தொறந்தாக."

பைண்டிங் பெண்களில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். யாரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவருக்கு வந்த வார்த்தை இதுதான்: "சரி, சாமி படத்தப் போடும்மா."

போட்டார். லட்சுமியிலிருந்து முருகன்வரை ஒன்று விடாமல் காட்டினார். முருகன் முழுதாக இருந்தார், மயிலும் இருந்தது, தோகை முன்பைவிட நன்றாக வந்திருந்தது. ஏஜெண்டுகள் ஆர்டர் சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லாம் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி, சந்தனத்தைத் தன் சேலை முந்தானையால் துடைத்துவிட்டு, அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு இப்பவே பாத்துக்கோங்க மொதலாளி" என்றார். "நாளையில இருந்து நான் அடுத்த தெருக் கம்பெனியில இருப்பேன்."

பிறகு தன் பையை எடுத்தார். வாசலில் நின்று, எல்லாரும் பார்க்க, டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்.